அடி மொட்டையான மருதாணி வேலி: பாளையங்கோட்டையில் ஒரு மீட்பு, 2022–2025

பின்னணி

பாளையங்கோட்டையின் வெளிப்புறக் குடியிருப்பு ஒன்றில் இந்த வேலி இருக்கிறது. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே மதில் கிடையாது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 70 அடி நீளத்துக்கு ஓடும் மருதாணிதான் எல்லை. 1990-களின் பிற்பகுதியில் வீடு கட்டிய கையோடு, வீட்டு அம்மா தம் தாய் வீட்டிலிருந்து குச்சிகளைக் கொண்டுவந்து அடிக்கு ஒன்றாக ஒற்றை வரிசையில் ஊன்றியிருக்கிறார். வேலிக்குத் தெற்கே தெரு, வடக்கே தோட்டமும் வீடும். மேற்குக் கோடியில், வீட்டு வளாகத்துக்குள், வேலியைவிட மூத்த வேப்பமரம் ஒன்று நிற்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலி குறை சொல்ல முடியாதபடி இருந்தது. தெருமாடுகள் உள்ளே நுழைந்ததில்லை. ஆடியிலும் நவராத்திரிக்கு முன்பும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கேட்டு இலை பறித்துப் போவார்கள். கொரோனா காலத்தை ஒட்டி வேலியின் கால்மாட்டில் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. 2022-இல் நிலைமை முற்றிவிட்டது: இடுப்பு உயரம் வரை வெறும் கட்டைகள், அதற்கு மேல் மட்டும் அடர்ந்த பச்சை. ஒரு நாள் கன்றுக்குட்டி ஒன்று கட்டைகளுக்கு நடுவே புகுந்து கத்தரிப் பாத்தியை மேய்ந்துவிட்டது. அதன் பிறகுதான் குடும்பத்தில் பேச்சு சூடு பிடித்தது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மதில் கட்டிவிடலாம் என்றார் வெளியூரில் இருக்கும் மகன். அம்மாவுக்கு அதில் சம்மதமே இல்லை. வீட்டு ஐயா அதற்குள் இரண்டு வழிகளை முயன்று பார்த்திருந்தார். இரண்டு மழைக்காலங்களில் யூரியாவும் காம்ப்ளெக்ஸ் உரமும் இட்டார். இடைவெளிகளில் நாற்றங்காலிலிருந்து வாங்கிய கன்றுகளை நட்டார். உரத்தால் உச்சி இன்னும் தழைத்ததே தவிர அடியில் ஓர் இலை கூட வரவில்லை. கன்றுகளோ அடுத்த கோடையைத் தாண்டவில்லை.

இந்த நிலையில், 2022 ஆவணியில், வேலியை வந்து பார்க்கும்படி என்னை அழைத்தார்கள்.

பார்த்தவை

முதலில் வேலியின் குறுக்குவெட்டை அளந்தோம். உயரம் ஏழடி. உச்சியின் அகலம் மூன்றடிக்கு மேல், அடியின் அகலம் ஓரடிகூட இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் குடை விரித்தது போன்ற வடிவம். மாதம் ஒருமுறை வேலி வெட்ட வரும் பெரியவர் நின்ற இடத்திலிருந்து கைக்கு எட்டுகிற உச்சியை மட்டம் செய்வார், பக்கங்களை மேலோட்டமாக ஒதுக்குவார். அவரிடம் கேட்கப்பட்ட வேலையும் அதுதான். பல ஆண்டுகளாக ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டதால், அந்த மட்டத்தில் ஒவ்வொரு கிளையின் நுனியும் முடிச்சு முடிச்சாகத் தடித்து, துடைப்பம் போலச் சிம்புகளை விட்டிருந்தது. இலை இருந்ததெல்லாம் வெளித்தோலில் ஒரு சாண் கனத்துக்கு மட்டும். கையை உள்ளே விட்டால் காய்ந்த குச்சிகள்.

நுனிமொட்டு உயிரோடு இருக்கும்வரை அதில் உண்டாகும் ஆக்சின் என்ற சுரப்பு கீழே இறங்கி, கீழ்க்கணுக்களில் உள்ள மொட்டுகளை உறங்க வைத்திருக்கும். நுனியை வெட்டினால் அந்தத் தடை நீங்கும். ஆனால் விழிப்பது பெரும்பாலும் வெட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிற மொட்டுகள்தான். ஏழடியில் வெட்டினால் ஏழடியில்தான் தழைக்கும். அந்தத் தழைப்பு கீழே நிழலைப் போடும். தன் செலவுக்கு ஈடான ஒளி கிடைக்காத இலையைச் செடி உதிர்த்துவிடும். இலை போன கிளை பிறகு காயும். இந்தச் சுழற்சிக்கு யூரியா விறகாகத்தான் பயன்பட்டிருந்தது.

தெருப்பக்கத்தைவிட வீட்டுப் பக்கம் அதிகம் மொட்டையாக இருந்தது. தெருவில் போவோர் பறிப்பதால் தெருப்பக்கம்தான் மோசமாக இருக்கும் என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். காரணம் வெயிலின் திசையில் இருந்தது. பாளையங்கோட்டை ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேரே வந்து, ஆவணி நடுப்பகுதி வரை வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். இந்த ஊரில் செடி நன்றாக வளர்வது ஐப்பசி முதல் தை வரை, வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில். அந்த மாதங்கள் முழுவதும் வேலியின் வடமுகம் வேலியின் நிழலிலேயே கிடக்கிறது. வடமுகத்துக்கு வெயில் வரும் காலத்தில் மண்ணில் ஈரம் இல்லை. கிழக்கு மேற்காக வேலி வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறையேனும் தங்கள் வீட்டில் நின்று பார்க்க வேண்டும்.

மண்ணையும் பார்த்தோம். தெருவுக்குப் பேவர் கல் பதித்தபோது கல் செடியின் தண்டுவரை வந்துவிட்டது. தெருவில் விழும் மழைநீர் வேலிக்குள் இறங்காமல் வடிகாலுக்குப் போகிறது. வீட்டுப் பக்கம் வேலியை ஒட்டியே ஒற்றையடிப் பாதை. கடப்பாரை நாலு விரற்கடைக்கு மேல் இறங்க மறுத்தது. கிழக்குக் கோடிக்கு அருகே தண்டுகளில் கருகிய தழும்புகள் இருந்தன. கூட்டிய சருகை வேலி ஓரத்தில் குவித்துக் கொளுத்துவது வழக்கமாகியிருந்தது.

பிறகு ஒவ்வொரு தண்டாக நகத்தால் பட்டையைச் சுரண்டினோம். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து, தொட்டால் பொடிந்தால் இல்லை. பட்டுப்போனவற்றில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக்கொண்டே போனார் வேலி வெட்டும் பெரியவர். 70-க்குச் சற்றுக் குறைவான செடிகளில் 11 முழுதும் பட்டுப்போயிருந்தன. அவற்றில் நான்கு, சருகு எரித்த இடத்தில் அடுத்தடுத்து நின்றவை. மற்ற எல்லாவற்றிலும் தரையிலிருந்து ஒரு முழம் வரை பட்டைக்கடியில் பச்சை இருந்தது. இந்தச் சோதனைதான் பிற்பாடு எடுத்த எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை.

கரையான்தான் வேலியைத் தின்கிறது என்று ஐயா உறுதியாக நம்பினார். தண்டுகளில் மண்புற்று ஏறியிருந்தது உண்மை. புற்றைத் தட்டிவிட்டுப் பார்த்தபோது அது ஏறியிருந்த ஒவ்வொரு தண்டும் ஏற்கெனவே செத்த கட்டை. அடுத்தே இருந்த பச்சைத் தண்டில் ஒரு கோடுகூட இல்லை. எனவே மருந்து எதுவும் தெளிக்கவில்லை. காய்ந்த கட்டைகளை அப்புறப்படுத்தினால் போதும் என்று முடிவானது.

முடிவுகளும் காரணங்களும்

மருதாணி வெட்டுக்கு அஞ்சாத செடி. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில், சோஜத் பகுதியில், இலைக்காகப் பயிரிடும் மருதாணியை ஆண்டுதோறும் தரையை ஒட்டி அறுக்கிறார்கள். அதே அடிக்கட்டை பல ஆண்டுகள் தொடர்ந்து தழைக்கிறது. இன்னொரு சாதகமும் உண்டு. மருதாணியில் கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிராக அமைகின்றன. ஒரு கணுவுக்கு மேலே வெட்டினால் பெரும்பாலும் இரண்டு தளிர்கள் கிளம்பும். ஒவ்வொரு வெட்டும் கிளையை இரட்டிப்பாக்க வாய்ப்புள்ள செடி இது. ஆகவே தாழ வெட்டிப் புதுப்பிப்பது என்ற முடிவுக்கு வருவதில் சிக்கல் இருக்கவில்லை. எவ்வளவு தாழ, எந்த மாதத்தில், எந்தப் பகுதியை முதலில் என்பவற்றில்தான் நெடுநேரம் பேசினோம்.

உயரம்: தரையிலிருந்து ஓரடி. முழங்காலுக்கு மேல் விட்டால், புதுத் தழைப்பு முழங்காலுக்கு மேல்தான் தொடங்கும். கன்றுக்குட்டிக்கு அதுவே வாசல். "ஐயா, இவ்வளவு தாழ வெட்டினால் செடி செத்துப்போகுமே" என்றார் பெரியவர். அவருடைய அச்சம் நியாயமானது. சுரண்டிப் பார்த்த பச்சையைக் காட்டியபோது, ஓர் ஓரத்தில் மூன்று செடிகளை மட்டும் அப்போதே வெட்டிப் பார்ப்போம் என்று அவரே யோசனை சொன்னார். அப்படியே செய்தோம். புரட்டாசி பாதிக்குள் மூன்றிலும் செம்பச்சைத் தளிர் வந்துவிட்டது. வீட்டு அம்மாவின் தயக்கம் அன்றோடு தீர்ந்தது.

காலம்: குளிர்கால முடிவில், புதுத் தளிருக்கு முன், கவாத்து செய்ய வேண்டும் என்று மகன் எங்கோ படித்திருந்தார். பனி கொட்டும் நாடுகளுக்கு அது பொருந்தும். இங்கே மாசியில் வெட்டினால் பிஞ்சுத் தளிர் நேராகப் பங்குனி, சித்திரை வெயிலில் போய் விழும். ஆனி, ஆடியில் வெட்டினால், மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே வரும் வறண்ட காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். திருநெல்வேலிச் சீமைக்குத் தென்மேற்குப் பருவம் மழையைவிடக் காற்றைத்தான் அதிகம் தருகிறது. எனவே புரட்டாசிக் கடைசி வாரம் என்று குறித்தோம். மழை இறங்கும்போது மொட்டுகள் விழித்திருக்கும், அடுத்த கோடைக்கு முன் நாலைந்து மாத வளர்ச்சி கிடைக்கும்.

பகுதி: ஒவ்வொரு செடியிலும் மூன்றில் ஒரு பங்குத் தண்டுகளை ஆண்டுக்கு ஒருமுறை அடியோடு எடுத்து, மூன்றாண்டில் முழுதும் புதுப்பிக்கும் முறை பரவலாகச் சொல்லப்படுவது. புதராகப் பல தண்டு விடும் செடிக்கு அது நல்ல முறை. இங்கே ஒற்றை வரிசை, செடிக்கு இரண்டு மூன்று தண்டுகள், மேலே கூரை போல மூடிய பச்சை. மிச்சமிருக்கும் தண்டுகளின் நிழலில் புதுத் தளிர் நோஞ்சானாகத்தான் எழும். அதனால் வேலியை நீளவாக்கில் பிரித்தோம். முதல் ஆண்டு கிழக்குப் பாதி முழுவதையும் ஓரடிக்கு வெட்டுவது, இரண்டாம் ஆண்டு மேற்குப் பாதி. ஒரேயடியாக 70 அடியையும் வெட்டாததற்குக் காரணம் மாடுகள்தான். பாதி நீளத்துக்குப் பனையோலைத் தட்டி கட்டுவது வீட்டாருக்குக் கட்டுப்படியாகும் செலவு. முழு நீளத்துக்குக் கட்டினால் அடுத்த காற்றுக்குத் தாங்காது.

வடிவம்: புது வேலி ஐந்தடிக்கு மேல் போகக் கூடாது. அடியில் மூன்றடி அகலம், உச்சியில் ஒன்றரை அடி. இரண்டு முகங்களையும் ஒரே அளவில் சாய்க்க வேண்டாம் என்றும் வைத்துக்கொண்டோம். தெருமுகத்துக்கு வெயில் தானாகக் கிடைக்கிறது, சாய்வு கொஞ்சம் போதும். வீட்டு முகத்தை நன்றாக உள்ளே சாய்த்தால், நேர் வெயில் குறைவான மாதங்களிலும் வானத்தின் ஒளி அடிவரை இறங்கும். ஐந்தடி உயரம் ஐயாவுக்கு மனமில்லாத முடிவு. தெருவில் போகிறவர்களுக்கு முற்றம் தெரியும் என்றார். முற்றத்தில் அமரும் இடத்துக்கு நேரே இரண்டு செம்பருத்திச் செடிகளைத் தனியாக நட்டுக்கொள்வது என்று பேசி முடித்தோம்.

முதல் ஆண்டு

புரட்டாசிக் கடைசியில் கிழக்குப் பாதி வெட்டப்பட்டது. பெரியவருக்கு அரிவாள் கைவந்த கருவி, ஆனால் முதிர்ந்த மருதாணிக் கட்டை அரிவாள் கொத்தில் பிளக்கும். பிளந்த கட்டை பிளவின் ஆழம்வரை காயும். ஆகவே பருத்த தண்டுகளுக்குக் கைரம்பம், விரல்கனத் தண்டுகளுக்கு நல்ல கத்தரி. தண்ணீர் வழியும்படி வெட்டுமுகம் சற்றுச் சரிவாக இருந்தது. ஓர் அங்குலத்துக்கு மேல் பருத்த வெட்டுகளில், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவினோம். சுண்ணாம்புப் புள்ளி வைத்த கட்டைகள் வேரோடு தோண்டி எடுக்கப்பட்டன. வெட்டிய தழை மலைபோல் குவிந்தது. தெருப் பெண்கள் வேண்டிய மட்டும் எடுத்துப் போனார்கள். மீதியை நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்து வைத்துக்கொண்டார் அம்மா.

வீட்டுப் பக்கத்துப் பாதையை இரண்டடி தள்ளிப் போட்டு, இறுகிய மண்ணைக் கடப்பாரையால் நெம்பிப் பொலபொலப்பாக்கினோம். தண்டுக்கு அருகே வேரை அறுக்காமல் ஒரு முழம் விட்டே கிளறினோம். அதில் மட்கிய தொழு உரம் கலந்து, நீர் தேங்கி ஊறும்படி ஆழமில்லாத வாய்க்கால் இழுத்தோம். மேலே சருகுப் போர்வை. தண்டைச் சுற்றி ஒரு சாண் மட்டும் வெறுமையாக விட்டோம், ஈரச் சருகு தண்டில் ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும். யூரியா முற்றிலும் நிறுத்தப்பட்டது. சருகு எரிப்பதும் அன்றோடு நின்றது. எரிந்து சாம்பலாய்ப் போனதெல்லாம் இப்போது போர்வைக்குப் பயன்பட்டது.

ஐப்பசி பிறந்த சில நாட்களிலேயே கட்டைகளில் தளிர் குத்தியது. அந்த ஆண்டு மழை விட்டுவிட்டுத்தான் பெய்தது, இடையிடையே கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டுச் சமாளித்தார்கள். தளிர் ஒரு முழம் வளர்ந்ததும் முதல் நுனிவெட்டு. வேலி மீட்பில் மனம் கேட்காத வேலை இதுதான். மொட்டைக் கட்டையைப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருந்த வீட்டில், வந்த தளிரில் பாதியை வெட்டச் சொன்னால் யாருக்கும் கை எழாது. ஆனால் இந்த வெட்டைத் தவறவிட்டால் தளிர்கள் நேராக மேலே ஓடிவிடும், அடியில் மறுபடி இடைவெளி விழும். ஒவ்வொரு முறையும் புது வளர்ச்சியில் பாதியை விட்டுப் பாதியை எடுப்பது என்ற விதியை அம்மா கடைசிவரை விடாமல் பின்பற்றினார். தை முடியும்போது கிழக்குப் பாதி இரண்டடி உயரத்துக்கு, தரையிலிருந்தே இலையாக நின்றது.

பட்டுப்போன செடிகளின் இடங்களில் இந்தமுறை கன்று வாங்கி நடவில்லை. இருபத்தைந்து ஆண்டு வேர்கள் பின்னிக் கிடக்கும் மண்ணில், இரு பக்கமும் முதிர்ந்த செடிகள் நீரை இழுக்க, பிஞ்சு வேர் போட்டியிட முடியாது என்பதை ஐயாவின் கன்றுகள் முன்பே காட்டியிருந்தன. அடுத்த செடியின் தாழ்ந்த தளிரையே வளைத்துப் பதியன் போட்டோம். தளிரின் நடுப்பகுதியில் கணுவுக்குக் கீழே பட்டையை இலேசாகச் சீவி, கவைக்குச்சியால் மண்ணில் அழுத்தி, மேலே மண் அணைத்து, நுனியை நிமிர்த்திக் கட்டினோம். வேர் விடும்வரை தாய்ச்செடி அதற்கு உணவு கொடுக்கும், நிழலோ போட்டியோ அவ்வளவாகப் பாதிக்காது. மார்கழியில் போட்ட பதியன்களில் இரண்டைத் தவிர எல்லாம் பிடித்துக்கொண்டன. பிரித்து விடும் அவசரம் இல்லை. வேலியில் தாயும் பிள்ளையும் ஒட்டியே இருந்தால் நல்லதுதான்.

2023 ஆடிக் காற்று ஒரு சேதத்தைச் செய்தது. நுனிவெட்டில் தப்பி நீண்டுவிட்ட சில தளிர்கள் கட்டையோடு சேரும் இடத்தில் முறிந்து தொங்கின. அடிக்கட்டையிலிருந்து புதிதாக வரும் கிளை முதல் ஆண்டில் பிடிப்பு குறைந்தது. குட்டையாக வைக்கப்பட்ட கிளைகளில் ஒன்றுகூட முறியவில்லை.

இரண்டாம் ஆண்டும் பெருமழையும்

2023 புரட்டாசியில் மேற்குப் பாதி வெட்டப்பட்டது. வேப்பமரத்தடியில் இருந்த ஏறத்தாழ பத்தடி நீளத்தில், ஆறேழு செடிகளின் பட்டைக்கடியில் பச்சை மிக மங்கலாக இருந்தது. நிழலும் வேப்ப வேரும் சேர்ந்து அவற்றைச் சோர வைத்திருந்தன. வீட்டாருக்கு வேம்பைத் தொட விருப்பமில்லை, தாழ்ந்த கிளைகளைக்கூடக் கழிக்க வேண்டாம் என்றார் அம்மா. அந்தச் செடிகளையும் வெட்டி ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. இந்த வீட்டுத் தெருவிலும் தண்ணீர் நின்றது. நீர் ஊறுவதற்காக இழுத்த வாய்க்கால் இப்போது நீரைத் தேக்கும் குட்டையானது. வெட்டி இரண்டு மாதமே ஆன மேற்குப் பாதியின் கட்டைகள் மூன்று நாள் தண்ணீரில் நின்றன. மழை ஓய்ந்த மறுநாளே வாய்க்காலின் தாழ்ந்த முனையை உடைத்து நீரை வடித்து, போர்வைச் சருகையெல்லாம் வாரி வெளியே போட்டு மண்ணைக் காற்றாட விட்டார் பெரியவர். அந்த முடிவு முழுக்க அவருடையது; வேலியின் மேற்குப் பாதி பிழைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நான்கு கட்டைகளில் தளிர் கருத்து விழுந்தது. அவற்றில் இரண்டு மாசியில் மறுபடி தழைத்தன.

வேம்படி மருதாணிகள் தேறவில்லை. வெளிறிய, கணுக்களுக்கிடையே நீண்ட, இலை சிறுத்த தளிர்கள் சில வந்து, 2024 பங்குனிக்குள் காய்ந்தன. மருதாணிக்கு வெயில் வேண்டும். அங்கே அதைத் திரும்பவும் நடுவதில் பொருளில்லை. அந்தப் பத்தடிக்கு ஆடாதொடையைத் தேர்ந்தோம். பாதி நிழலைத் தாங்கும், போத்து நட்டாலே வேர் பிடிக்கும், கால்நடை வாய் வைக்காது. சளிக்கும் இருமலுக்கும் ஆகும் இலை என்பதால் அம்மாவும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். 2024 ஐப்பசியில் போத்துகள் ஊன்றப்பட்டன. வேப்ப வேர்களின் போட்டியைக் குறைக்க ஒவ்வொரு குழியிலும் தொழு உரம் நிறைத்து, முதல் கோடை முழுவதும் குடத்தால் தண்ணீர் ஊற்றினார்கள்.

விளைவு

2025 தொடக்கத்தில் அளந்தபோது கிழக்குப் பாதி ஐந்தடி உயரத்தை எட்டியிருந்தது. அடியகலம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. வேலியின் இந்தப் பக்கம் நின்று பார்த்தால் தெருவில் நிற்கிற சைக்கிளின் சக்கரம் தெரியவில்லை. மேற்குப் பாதி நாலடி. தெருமுகம் வீட்டு முகத்தைவிட இன்னமும் அடர்த்திதான், ஆனால் வீட்டு முகமும் தரைவரை இலை கட்டியிருக்கிறது. மேற்குப் பாதியில் பெருமழைக்குப் பலியான இரண்டு இடங்களில் பதியன் இன்னும் நிறையவில்லை. அங்கே முள்கிளை செருகி வைத்திருக்கிறார்கள். ஆடாதொடை முழங்கால் உயரத்தில் பிடித்து நிற்கிறது, வேலியாக இன்னும் இரண்டு மழை வேண்டும்.

கன்றுக்குட்டிகள் நுழையவில்லை. மதில் பேச்சு ஓய்ந்தது. மகனே அடுத்த முறை ஊருக்கு வந்தபோது நல்ல கத்தரி ஒன்று வாங்கிக் கொடுத்துப் போனார். பராமரிப்புச் செலவு முன்பைவிடக் கூடவில்லை. பெரியவரின் மாதாந்தர வேலை இப்போது இரண்டு பக்கங்களுக்கும் பிரிந்திருக்கிறது. வேலியின் இரு முனையிலும் கம்பு நட்டு, அடியிலும் உச்சியிலும் கயிறு கட்டி, அந்தக் கயிற்றுக்குள் வெட்டுகிறார். கண்மதிப்பில் வெட்டினால் ஆறே மாதத்தில் உச்சி மறுபடி அகன்றுவிடும் என்பதை அவரே மற்ற வீடுகளிலும் சொல்லத் தொடங்கியிருக்கிறார். பூ முன்பைவிடக் குறைந்துவிட்டது, நுனியை அடிக்கடி வெட்டும் வேலியில் அதைத் தவிர்க்க முடியாது. தேனீக்களுக்காகக் கிழக்குக் கோடியில் ஒரு செடியை மட்டும் வெட்டாமல் வளரவிட்டிருக்கிறார் அம்மா.

மறுமுறை மாற்ற வேண்டியவை

மண் வேலையை வெட்டுக்குப் பின் செய்தோம். ஆவணியிலேயே மண்ணைக் கிளறி உரம் கலந்து வைத்திருந்தால், முதல் மழையின் ஈரம் முழுவதும் வேருக்குப் போயிருக்கும், வெட்டிய கட்டைகளுக்கு நடுவே கடப்பாரை போடும் சங்கடமும் இருந்திருக்காது. வாய்க்காலுக்கு வடிகால் முனை தொடக்கத்திலேயே வேண்டும். நீரைப் பிடித்து வைக்கும் எந்த ஏற்பாட்டுக்கும், தென்மாவட்டத்தில், நீரை விரட்டும் வழியும் கூடவே வேண்டும்.

தெருப்பக்கத்துப் பேவர் கல் இன்னும் தண்டோடு ஒட்டியே கிடக்கிறது. வேலிக்கு அடுத்த ஒரு வரிசைக் கல்லையாவது எடுத்து மண் தெரிய விட அனுமதி கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. தெருவுக்குக் கல் பதிக்கும் வேலை வரும்போதே, பதிப்பதற்கு முன், அந்த ஓரடியைக் கேட்டுப் பெறுவது எளிது.

மேற்குப் பாதியை வெட்டும்போதே வேம்படிப் பத்தடியில் ஆடாதொடையை ஊன்றியிருந்தால் ஓராண்டு மிச்சம். பட்டைக்கடியில் பச்சை மங்கிய செடியும் நிழலும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் வெட்டிப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த முறையை எல்லா வேலிச் செடிக்கும் அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. செம்பருத்தி, சங்கங்குப்பி, தூரந்தா, கொடுக்காப்புளி ஆகியவை முதிர்ந்த கட்டையிலிருந்து தழைக்கக் கூடியவை. தூஜா போன்ற ஊசியிலை இனங்கள் இலையற்ற பழைய கட்டையில் வெட்டினால் அந்த இடத்தில் மறுபடி தளிர்ப்பதில்லை. பழஞ்சவுக்கிலும் மறுதழைப்பு நிச்சயமில்லை. எந்தச் செடியானாலும் ஓரத்தில் இரண்டு மூன்றை முதலில் வெட்டி, தளிர் வந்த பிறகு மற்றவற்றில் கை வைப்பது பாதுகாப்பு. இந்த வீட்டில் அதைச் சொன்னவர் வேலி வெட்டும் பெரியவர். இப்போது பக்கத்துத் தெருவில் இதே போல் அடி மொட்டையான கொடுக்காப்புளி வேலி ஒன்றைப் பார்க்க அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் புரட்டாசிக்கு அங்கே மூன்று செடிகளில் சோதனை வெட்டு.